முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

ஏதென்ஸ் நகரத்துக்குக் கிழக்கே ஹைமெட்டஸ் என்றொரு மலை. பழைய கிரேக்கர் காலத்திலிருந்தே தேனுக்குப் பேர்போனது. 1676-ல் அங்கே போன ஜார்ஜ் வீலர் என்ற ஆங்கிலேயப் பயணி, மலையடிவாரத்து மடாலயத்தில் துறவிகள் தேனீ வளர்ப்பதைப் பார்த்து வியந்தார். 1682-ல் வெளிவந்த தன் பயண நூலில் அதை விரிவாகவே எழுதிவைத்தார்.

துறவிகள் தேனீயைக் கூடையில் வளர்த்தார்கள். விளாரால் பின்னி உள்ளும் புறமும் களிமண் பூசிய கூடை அது. வாய் அகலம், அடி குறுகல். வாயின் குறுக்கே பட்டைக் குச்சிகளை வரிசையாக அடுக்கி, மேலே மண் மெழுகியிருந்தார்கள். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் தேனீக்கள் ஓர் அடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தன. குச்சியைத் தூக்கினால் அடை சேதமில்லாமல் கூடவே வந்தது. வசந்த காலத்தில் குச்சிகளில் பாதியை எடுத்து வேறொரு கூடையில் வைத்து, ஒரு குடும்பத்தை இரண்டு குடும்பமாக்கிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வைக்கோல் கூண்டில்தான் தேனீ வளர்த்தார்கள். தேன் வேண்டுமென்றால் கந்தகப் புகை போட்டுத் தேனீக்களைக் கொன்றுவிட்டு அடைகளை அறுப்பது வழக்கம். ஹைமெட்டஸ் துறவிகளுக்கு அந்தக் கொலை தேவைப்படவில்லை. குச்சிகளைச் சரியான அகலத்தில் வெட்டத் தெரிந்திருந்ததே காரணம். தேனீ வளர்ப்பில் அந்த அகலத்தைவிடப் பெரிய விஷயம் அதிகமில்லை என்பது என் எண்ணம். மரச்சட்டம் இல்லாத, செலவு குறைந்த, இன்று உலகமெங்கும் ஆர்வத்தோடு பேசப்படும் எளிய கூடுகள் எல்லாம் அந்த ஒற்றை அளவின்மேல்தான் நிற்கின்றன.

தேனடை என்றதும் நாம் அறுகோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குறைந்த மெழுகில் சம அளவு அறைகளாக ஒரு பரப்பைப் பிரிக்க அறுகோணமே சிறந்தது என்பதை 1999-ல் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதர் நிரூபித்தார். அது பெரிய சாதனைதான். ஆனால் அறையின் வடிவத்தைப் போலவே, அடைக்கும் அடைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்திலும் தேனீ கண்டிப்பானது. இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

மரப்பொந்தில் தானாகக் குடியேறிய ஒரு கூட்டத்தைப் பாருங்கள். அடைகள் ஒன்றுக்கொன்று இணையாகத் தொங்கும். ஒவ்வோர் அடைக்கும் இரண்டு முகம், இரண்டிலும் அறைகள். பக்கத்து அடையின் முகம் எதிரே இருக்கும். அந்த இடுக்கில் இந்த முகத்தில் ஒரு தேனீயும் எதிர் முகத்தில் ஒரு தேனீயும் முதுகோடு முதுகு உரசாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரையும் தேனீ விடுவதில்லை. இடுக்கு அகன்றால் புழுக்களுக்கு வேண்டிய 35 டிகிரி வெப்பம் வெளியேறிவிடும். ஆக, புழு வளர்க்கும் அடையின் தடிமனும் இரண்டு தேனீக்களின் முதுகுயரமும் சேர்ந்ததுதான் ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவரை உள்ள தூரம். ஐரோப்பியத் தேனீக்கு அது சுமார் 35 மில்லிமீட்டர். கிழக்கு ஆப்பிரிக்கத் தேனீ உடலில் சற்றுச் சிறியது, அதற்கு 32. நம் ஊர் அடுக்குத் தேனீ இன்னும் சிறியது. அதற்கு ஏறக்குறைய 30.

இந்த அகலத்தில் ஒரு மரக்கட்டையை வெட்டி, அதன் அடிப்பக்கத்தின் நடுவே மெல்லிய முகடு ஒன்றைச் செதுக்கி, கொஞ்சம் தேன்மெழுகு தடவி வைத்தால் போதும். தேனீக்கள் அந்த முகட்டிலிருந்து அடையைத் தொடங்கும். கட்டைக்கு ஓர் அடை, அடைக்கு ஒரு கட்டை. அளவு தவறினால் இரண்டு கட்டைகளைச் சேர்த்துக் குறுக்கே கட்டிவிடும். பிறகு எதையும் தூக்க முடியாது.

நாம் இன்று பெட்டிகளில் காணும் சட்டமும் ஓர் இடைவெளியைக் கண்டறிந்ததன் விளைவுதான். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருந்த லாரென்சோ லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-ல் ஒன்றைக் கவனித்தார். கூட்டுக்குள் ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவிடுகின்றன. அதைவிடக் குறுகிய இடைவெளியைப் பிசின் வைத்து அடைத்துவிடுகின்றன. அகலமானதில் அடை கட்டிவிடுகின்றன. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அந்த நடைபாதையை விட்டால் சட்டம் ஒட்டாது, எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம். அடுத்தாண்டே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1857-ல் ஜெர்மனியில் யோஹன்னஸ் மேரிங், அறுகோணம் பதித்த மெழுகுத் தாளை உருவாக்கினார். 1865-ல் ஹ்ருஷ்கா என்ற ராணுவ அதிகாரி, சட்டங்களைச் சுழற்றித் தேனைச் சிதறவைத்துப் பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். பெட்டி, தாள், எந்திரம் மூன்றும் சேர்ந்ததே நவீன தேனீ வளர்ப்பு.

அதன் சிறப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடையை உடைக்காமல் தேன் எடுத்து, காலி அடையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். தேனீக்குக் கட்டுமான வேலை மிச்சம். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டு கிலோ தேன் செலவாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனையும் வளர்ப்பவர் பாத்திரத்துக்கு வரும். ஆனால் சட்டப் பெட்டி துல்லியமான தச்சுவேலையைக் கேட்கும். நான்கு பக்கமும் அதே 6 முதல் 9 மில்லிமீட்டர் வேண்டும். நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈர மரம் முறுக்கிக்கொண்டால் எல்லாம் போயிற்று. பிறகு கம்பி, மெழுகுத் தாள், எந்திரம். இவற்றை வாங்க முடியாத ஊர்களில் சட்டப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நடந்தது வேறு: அளவு தப்பிய பெட்டிகளில் தேனீக்கள் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டிவிட்டன. விலை உயர்ந்த பெட்டி, அசைக்க முடியாத அடை!

கென்யாவின் கதை இங்கேதான் வருகிறது. குடைந்த மரத்துண்டை உயரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுத் தேன் எடுப்பது அங்கே பல இனத்தாரின் பழைய தொழில். இரவில் மரமேறி, தீப்பந்தம் காட்டி, கைக்கு வந்த அடைகளை வெட்டி எடுப்பார்கள். தேனோடு புழுவும் சாம்பலும் கலந்துவரும். கூட்டம் பிழைப்பது அதிர்ஷ்டம். இதற்கும் விலையுயர்ந்த பெட்டிக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்று 1960-களில் சிலர் யோசித்தபோது, கிரேக்கக் கூடையே அவர்கள் முன்னால் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் டவுன்செண்டும் மாரிஸ் ஸ்மித்தும் கென்ய அரசுடன் சேர்ந்து அந்த வழியை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கென்ய மேல்கட்டைக் கூடு என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

பார்க்க ஒரு மாட்டுத் தொட்டி மாதிரிதான் இருக்கும். நீளம் மூன்றடி இருக்கலாம். பக்கச் சுவர்கள் அடிப்பலகையோடு 120 டிகிரி கோணத்தில் வெளியே சாய்ந்திருக்கும். மேலே 32 மில்லிமீட்டர் அகலக் கட்டைகள் இருபத்தைந்து, முப்பது, ஒன்றையொன்று தொட்டபடி. அதற்கு மேல் தகரமோ ஓலையோ கூரை. அவ்வளவுதான். பலகை இல்லாவிட்டால் பிரம்பில் பின்னிச் சாணமும் மண்ணும் பூசலாம். பழைய பீப்பாயை நெடுக அறுத்தும் செய்கிறார்கள். துல்லியம் வேண்டியது கட்டையின் அகலத்தில் மட்டுமே. மற்றதெல்லாம் கைக்கு வந்தபடி இருக்கலாம். பணம் கொடுத்து வாங்க வேண்டிய துல்லியத்தை ஓர் அளவுகோலால் ஈடுகட்டிய இந்த யோசனையை, ஏழைகளுக்கான மாற்றுப்பொருள் என்று சொல்வது தவறு. லாங்ஸ்ட்ராத் கண்ட அறிவியலுக்கு இது எள்ளளவும் குறைந்ததில்லை.

சுவர் ஏன் சாய்ந்திருக்கிறது? செங்குத்துச் சுவரைக் கண்டால் தேனீக்கள் அடையின் ஓரத்தை அதோடு ஒட்டிவிடும். சாய்ந்த சுவரில் அப்படி ஒட்டுவது குறைவு. அந்தச் சரிவைத் தேனீ சுவராக எண்ணாமல் தரையாக எண்ணுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. கீழே குறுகும் வடிவம், தானாகத் தொங்கும் அடையின் வடிவத்துக்கும் பொருந்திவிடுகிறது. அங்கங்கே ஒட்டத்தான் செய்யும். நீளக் கத்தியால் கீழிருந்து மேலாக அறுத்துவிட்டால் விடுபடும்.

கட்டைகள் ஒட்டியிருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. சட்டப் பெட்டியின் மூடியைத் திறந்தால் கூடு முழுதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எல்லாச் சந்திலிருந்தும் தேனீக்கள் கிளம்பும். ஆப்பிரிக்கத் தேனீ சீற்றத்துக்குப் பேர்போனது. ஒன்று கொட்டினால், கொடுக்கிலிருந்து கிளம்பும் வாழைப்பழ வாசனை மற்றவற்றையும் அழைத்துவிடும். மேல்கட்டைக் கூட்டில் ஒரு கட்டையை எடுத்தால் ஒரு விரற்கடை அகலமே திறக்கிறது. மற்ற தேனீக்களுக்குத் தலைக்கு மேல் கூரை அப்படியே இருக்கிறது. கொஞ்சம் புகை போதும், அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கூட்டைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். தேன்வளைக்கரடியும் எறும்பும் எட்டாமல் இருக்க. பின்னாளில் லூசி கிங் என்ற உயிரியலாளர், தேனீயின் ரீங்கார ஒலிப்பதிவைக் கேட்டே யானைக் கூட்டங்கள் விலகி ஓடுவதைக் கென்யாவில் ஆய்ந்து 2007-ல் வெளியிட்டார். அதன் பிறகு, வயலைச் சுற்றிக் கம்பி கட்டி அதில் கூடுகளைத் தொங்கவிடும் தேனீ வேலிகள் வந்தன. யானை கம்பியை முட்டினால் கூடுகள் ஆடும், தேனீ வெளிவரும். இலங்கையிலும் வஸ்கமுவப் பகுதியில் நம் அடுக்குத் தேனீயை வைத்து இதைச் செய்துபார்த்தார்கள்.

இனி கூட்டுக்குள். காலிக் கட்டைகளில் தேனீக்கள் என்ன செய்கின்றன? பெரும்பாலும் 12 முதல் 18 நாள் வயதுள்ள பணித்தேனீக்கள்தான் மெழுகு சுரப்பவை. வயிற்றின் அடியில் நான்கு இணைச் சுரப்பிகளிலிருந்து எட்டுச் சின்னச் செதில்கள் வெளிவரும். செதில் ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஒரு கிலோ மெழுகுக்குப் பத்து லட்சம் செதில் வேண்டும். தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பற்றிச் சரம்சரமாகத் தொங்கியபடி, செதிலைக் காலால் எடுத்து வாயில் மென்று பதமாக்கி ஒட்டுகின்றன. முடிந்த அறையின் சுவர்த் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய சுவர்களால் ஆன ஒரு கிலோ மெழுகு, இருபது கிலோவுக்கு மேல் தேனைத் தாங்கும்.

அடை எப்படி நேராகத் தொங்குகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய வியப்பு. இருட்டில் வேலை, கண்ணால் பயனில்லை. தேனீயின் கழுத்தில், தலை சேரும் இடத்தில், நுண்ணிய மயிர்த்திட்டுகள் உண்டு. தலை எடையால் சாயும்போது எந்தப் பக்கத்து மயிர் அழுந்துகிறதோ அதைக் கொண்டு கீழ்த்திசை எதுவென்று தேனீ உணர்கிறது. அந்த மயிர்கள் அசையாதபடி ஒட்டிவிட்டுப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள், தேனீக்களால் அடை கட்ட முடியாமல் போனதைக் கண்டார்கள். இதில் வளர்ப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. தேனீ தூக்குக்குண்டைப் போலச் செங்குத்தாகவே கட்டும். கூடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடை கட்டையை விட்டு விலகி அடுத்ததன் எல்லைக்குள் போய்விடும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கூட்டை நிறுத்துவது அதனால்தான். முதல் இரண்டு மூன்று அடைகள் நேராக வந்துவிட்டால் பெரிய கவலை தீர்ந்தது. நேரான இரண்டு அடைக்கு நடுவே வைத்த காலிக் கட்டையில் அவை நேராகத்தான் கட்டும்.

மெழுகுத் தாள் இல்லாத கூட்டில் அறையின் அளவைத் தேனீயே முடிவு செய்கிறது. தாளில் பணித்தேனீக்கு ஏற்ற அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கக் காட்டு மரப்பொந்துகளை அறுத்து ஆராய்ந்த தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் 1976-ல் சொன்னது, இயற்கைக் கூட்டில் அடைப்பரப்பின் ஆறில் ஒரு பங்கு ஆண் தேனீக்களுக்கான பெரிய அறை என்பது. ஆண் தேனீ தேன் சேர்ப்பதில்லை, ஆகவே தொழில்முறைக் கணக்கில் அது வீண்செலவு. ஆனால் சுற்றுவட்டாரத்து ராணிகளுக்கு நல்ல துணை கிடைப்பது அந்த அறைகளால்தான். எத்தனை ஆண் வேண்டும் என்பதைக் கூட்டத்திடம் விட்டுவிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

தேன் எடுப்பது எளிது. பொதுவாக வாசல் பக்கத்தில் புழு அடைகள், தள்ளிப் பின்னால் தேன் அடைகள். கடைசிக் கட்டையிலிருந்து தொடங்கி, மூடிய தேன் அடையாக இருப்பதை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஓரங்குல அடையைக் கட்டையிலேயே விட்டுத் திரும்ப வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டும். வெட்டிய அடையைப் பிசைந்து துணியில் வடிகட்டினால் தேன். மிஞ்சியதை வெந்நீரில் உருக்கினால் மெழுகு. மெழுகை இழப்பாக எண்ண வேண்டியதில்லை. அதற்குத் தனிச் சந்தை உண்டு. எத்தியோப்பியாவும் தான்சானியாவும் மெழுகை ஏற்றுமதியே செய்கின்றன. அடை ஆண்டுதோறும் புதிதாவதால், பழங்கறுப்பு அடையில் தங்கும் நோய்க்கிருமியும் மெழுகு அந்துப்பூச்சியும் குறையும்.

ஃபிரான்ஸில் எமில் வாரே (1867-1951) என்ற பாதிரியார் வேறொரு பாதையில் போனார். பல வகைகளில் முன்னூற்றைம்பது கூடுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர். கடைசியில் உள்ளளவு 30 செ.மீ. சதுரமும் 21 செ.மீ. உயரமும் உள்ள சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எட்டு மேல்கட்டைகள் என்று முடிவு செய்து, மக்கள் கூடு என்று பெயர் வைத்தார். புதுப் பெட்டியை மேலே ஏற்றாமல் அடியில் சேர்ப்பார். மரப்பொந்தில் அடை கீழ்நோக்கித்தானே வளர்கிறது. மேலே வைக்கோலோ மரத்தூளோ நிரப்பிய மெத்தை, குளிருக்கும் ஈரத்துக்கும். அடிக்கடி திறக்காதே, கூட்டின் சூட்டைக் களவாடாதே என்பது அவர் பிடிவாதம். குளிர்நாட்டுக்கு அது நல்ல வடிவம். வெப்ப நாட்டில் கிடைமட்டக் கூடே கைக்கு வசதி. பாரம் தூக்க வேண்டாம், இடுப்புயரத்தில் வைத்து வயதானவர்களும் கவனிக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாற்புறமும் சட்டம் இல்லாத அடை மேலே மட்டும் பிடித்துத் தொங்குகிறது. புது மெழுகு வெயிலில் இளகும். அடையை ஒருபோதும் படுக்கவைக்கக் கூடாது. செங்குத்தாகவே பிடித்துத் திருப்ப வேண்டும். மறந்து மல்லாத்தினால் தேனும் புழுவும் ஒரு நொடியில் தரையில். லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் பூவைத் தேடிப் போகும் தொழிலுக்கு இது ஒத்துவராது. தேன் விளைச்சலும் பொதுவாகச் சட்டப் பெட்டியைவிடக் குறைவே. கூட்டின் நீளம் மாறாதது, அதனால் பூக்காலத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்து இடையிடையே காலிக் கட்டை செருகாவிட்டால் கூட்டம் பிரிந்து பறந்துவிடும். தேன் அடைகளைத் தேனீ தடிமனாக இழுத்துக் கட்டும் என்பதால் பின்பகுதிக்குச் சற்று அகலமான கட்டைகளும் தேவைப்படும். ‘இயற்கை முறை’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, கூட்டை வைத்துவிட்டுப் போனால் தானாக நடக்கும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள்.

நம் பக்கத்தில் திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார், 1911-க்கும் 1917-க்கும் இடையில் நம் அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறு சட்டப் பெட்டியை வடிவமைத்து ஊராருக்குப் பயிற்சியும் கொடுத்தார். தென்னிந்தியாவில் இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே இறக்காமல், இந்த ஊர்த் தேனீயை அளந்து செய்தது என்பதே அதன் பெருமை. 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவிய, புழுக்களைத் தாக்கும் சாக் புரூட் வைரஸ் பெரும்பாலான அடுக்குத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது, புழு அடையை எடுத்துப் பார்க்க முடிகிற கூடு எவ்வளவு அவசியம் என்பது மீண்டும் தெரிந்தது. பானையிலோ சுவர்ப்பொந்திலோ வளர்க்கும்போது நோயை அது முற்றிய பிறகுதான் அறிய முடியும். மேல்கட்டைக் கூட்டில் அந்தச் சோதனை முடியும். நேபாளத்தின் ஜும்லா மலைப்பகுதியில், பழக்கப்பட்ட மரக்குடைவுக் கூட்டையே மேலே திறந்து கட்டைகள் வைத்து, இதே அடுக்குத் தேனீயை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். நியூட்டன் பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் அதையே வாங்கலாம். அதற்குத் தேவையான பயிற்சியும் ஆட்களும் இங்கே உண்டு. பத்துத் தென்னையும் ஒரு முருங்கையும் வைத்திருக்கிற, தேனைவிட மகரந்தச் சேர்க்கையை நாடுகிற, பெட்டிக்குப் பணம் ஒதுக்க முடியாத குடும்பத்துக்கு மேல்கட்டைக் கூடுதான் பொருத்தம் என்பேன்.

செய்துபார்க்க நினைப்பவர்கள் வெளிநாட்டு வரைபடத்தில் உள்ள 35-ஐயோ 32-ஐயோ நம்பிக் கட்டை வெட்டிவிடாதீர்கள். உங்கள் பகுதியில் அனுபவமுள்ள தேனீ வளர்ப்பவர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பானையிலோ பொந்திலோ தானாகக் கட்டிய அடுக்குத் தேனீக் கூடு ஒன்றில் புழு அடைகளின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து வாருங்கள். மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறக்கூடும். அளந்த அகலத்தில் கட்டைகளை வெட்டுங்கள்.